முதல் பலாவும் பதினோரு நாளும்

என் அக்காவுக்கு வலித்தால் அதைக் கண்டுபிடிப்பது மற்றவர்கள் வேலை. அவளாகச் சொல்லமாட்டாள். ஒருமுறை பக்கத்துக் காட்டுக்காரரிடம் இரவல் வாங்கிய மண்வெட்டி காலில் பட்டுப் பெருவிரல் பிளந்துவிட்டது. ஏதோ ஒரு இலையைக் கசக்கி வைத்து, துணியைச் சுற்றிக்கொண்டு, மிச்சமிருந்த மரவள்ளிக் கிழங்கையும் தோண்டி முடித்துவிட்டுத்தான் வீட்டுக்கு வந்தாள். ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன்.

“அவிய குடுத்த மம்முட்டி கண்ணு. அது வெட்டிருச்சுன்னு தெரிஞ்சா அவிய மனசு சங்கடப்படுமில்ல?”

மண்வெட்டிக்காரரின் மனசைக் காப்பாற்றிவிட்டு இரண்டு வாரம் நொண்டினாள்.

இதே குணம் அவளை ஒருமுறை சாவுக்குப் பக்கத்தில் கொண்டுபோய் நிறுத்தியது. இரண்டாயிரம் பிறந்து ஐந்தாறு வருடம் ஆகியிருந்த சமயம். அக்காவுக்கு முப்பது வயது. மலைமேல் அரியூர் நாட்டில் மாமாவின் காடு; மேட்டில் மரங்களில் ஏறிய மிளகு, சரிவில் மரவள்ளி, பள்ளத்தில் கொஞ்சம் நெல்வயல். அக்காவை மாமாவுக்குக் கட்டிக்கொடுத்து எட்டு வருடம் ஆகியிருந்தது. நான் நாமக்கல்லில் விடுதியில் தங்கி விலங்கியல் கடைசி வருடம் படித்துக்கொண்டிருந்தேன். படித்ததையெல்லாம் உடனே யாரிடமாவது சொல்லாவிட்டால் எனக்குத் தூக்கம் வராது. தவளையின் இதயத்துக்கு எத்தனை அறை என்பதை மாமாவிடம் சொல்லி, “அதுக்கே ஒழுங்கா அறை இருக்குது, நம்மூட்டுல ஒண்ணுதான்” என்று பதில் வாங்கியவள் நான்.

அந்த வருடம் அக்காவின் கண் மஞ்சளானது. கீழாநெல்லி அரைத்துக் குடித்தாள். மஞ்சள் குறையவில்லை, உடம்பெல்லாம் அரிப்பு வந்தது. சேலத்தில் ஒரு மருத்துவமனையில் ஸ்கேன் எடுத்துப் பார்த்தபோது பித்தப்பை நிறையக் கல். அதில் ஒன்றிரண்டு நழுவி வந்து பித்தக் குழாயை அடைத்துக்கொண்டிருந்தன. அங்கிருந்த மருத்துவர் வாய் வழியாகக் கேமரா வைத்த குழாயை விட்டு, பித்தக் குழாய் குடலில் வந்து திறக்கிற வாயைக் கொஞ்சம் வெட்டிவிட்டு ஒரு கல்லை எடுத்தார். இன்னொன்று வர மறுத்தது. பித்தம் வழிந்தோட அங்கே ஒரு சின்னப் பிளாஸ்டிக் குழாயை வைத்துவிட்டு, “மூணு மாசத்துல வாங்க, குழாயையும் கல்லையும் சேர்த்து எடுத்துடலாம்” என்றார். வயிற்றில் கத்தி படவில்லை, தையல் இல்லை. காலையில் உள்ளே போனவள் மதியம் வெளியே வந்துவிட்டாள். எனக்கு அது பெரிய அதிசயம். விடுதியில் எல்லோரிடமும் படம் வரைந்து காட்டினேன்.

நான் படம் வரைந்துகொண்டிருந்த அதே சாயந்திரம் அக்காவுக்கு மேல்வயிற்றில் வலி ஆரம்பித்திருக்கிறது. முதுகுவரை குத்தியிருக்கிறது. மருத்துவர் வந்து, “எப்படிம்மா இருக்கு?” என்று கேட்டிருக்கிறார். “நல்லாருக்குதுங்க” என்றிருக்கிறாள். மறுநாள் காலை அவள் சுருண்டு கிடந்த நிலையைப் பார்த்த பிறகுதான் விஷயம் தெரிந்தது. கணையம் வீங்கிவிட்டது.

பிறகொரு நாள் நான் அவளிடம் கத்தினேன். அவள் அமைதியாகச் சொன்னாள்: “அவரு சிரிச்சுக்கிட்டே கேக்கறாரு கண்ணு. அம்மாம் நேரம் நின்னு கல்லெடுத்த மனுசன். மூஞ்சியப் பாத்து, வலிக்குதுன்னு எப்படிச் சொல்றது?”

பதினோரு நாள் படுக்கையில் இருந்தாள். முதல் சில நாள் வாயில் ஒரு சொட்டுத் தண்ணீர்கூடக் கிடையாது. எல்லாமே பாட்டிலிலிருந்து கைக்குத்தான் இறங்கியது. நடுவில் ஒரு நாள் மூச்சு வாங்கியபோது மாமா வெளியே போய்ச் சுவரைப் பார்த்து நின்றுகொண்டிருந்தார். அந்த மருத்துவர் காலையும் மாலையும் வந்தார், ஞாயிற்றுக்கிழமையும் வந்தார். அக்கா பிழைத்து எழுந்தாள்.

மாமா வீட்டில் ஒரு வழக்கம் உண்டு. வாசலோரப் பலாவில் அந்த வருடம் பழுக்கும் முதல் பழம் கோவிலுக்குத்தான் போகும். வீட்டுக் குழந்தைகூட அதன்மேல் கை வைக்காது. அந்த வருடம் மாமா முதல் பழத்தைச் சாக்கில் கட்டி, பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு மலைப்பாதையின் எழுபது வளைவும் இறங்கி, சேலம் போய் அந்த மருத்துவர் கையில் கொடுத்துவிட்டு வந்தார். வந்ததும் வீட்டில் அறிவித்தார்: “மொதப் பழம் வாங்குன கை அது. இனி அவரப் பத்தி இந்த ஊட்டுல ஒரு சொல்லு குறையா வரக்கூடாது.”

யாரும் குறை சொல்லவும் இல்லை. சொல்ல என்ன இருந்தது? ஆனால் மாமாவின் மனசில் ஒரு கணக்கு ஓடியிருக்கிறது: கணையம் வீங்கியது என்று வெளியே சொல்வதே அந்தக் கையைக் குறை சொல்வது. இது எனக்கு அப்போது தெரியாது.

மூன்று மாதம் முடிவதற்குள் அந்த மருத்துவர் மேல்படிப்புக்கு வெளிநாடு போய்விட்டார். அக்கா அதையே சாக்காகப் பிடித்துக்கொண்டாள். “அவரே போயிட்டாரு. கொழாய் பாட்டுக்கு உள்ள இருக்கட்டும். எனக்கென்ன தொந்தரவு பண்ணுது?” என்றாள். மறுவாரமே குளிரும் காய்ச்சலுமாக அது தொந்தரவு பண்ணிக் காட்டியது. மாத்திரையில் காய்ச்சல் நின்றது, பயம் நிற்கவில்லை. குழாயை எடுக்காமல் விட்டால் அடைத்துக்கொண்டு சீழ் பிடிக்கும். எடுக்கப் போனால் மறுபடி கணையம் வீங்கலாம். எந்தப் பக்கம் போனாலும் அக்காதான் பணயம்.

நான் நாமக்கல் பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் இருந்த பிரவுசிங் சென்டரில் போய் உட்கார்ந்தேன். பக்கம் திறப்பதற்குள் ஒரு டீ குடித்துவிட்டு வரலாம், அவ்வளவு வேகம். ஆங்கில அகராதியை மடியில் வைத்துக்கொண்டு மூன்று நாள் படித்தேன். யாருக்கெல்லாம் இந்த வீக்கம் வர வாய்ப்பு அதிகம் என்று ஒரு கட்டுரையில் இருந்தது. வயது குறைந்த பெண்கள் என்று போட்டிருந்தது. முன்பு ஒருமுறை வந்தவர்கள் என்றும் போட்டிருந்தது. இரண்டிலும் அக்கா உட்கார்ந்திருந்தாள். ஆனால் அதே கட்டுரை, முன்கூட்டியே தெரிந்தால் மருத்துவர்கள் செய்யக்கூடிய காரியங்கள் சில உண்டு என்றும் சொன்னது. அந்தப் பக்கத்தை அச்செடுத்து மடித்து வைத்துக்கொண்டேன்.

சனிக்கிழமை மலைக்கு ஏறினேன். அக்காவையும் மாமாவையும் வயல் வரப்பில் நிறுத்தி, மடையைக் காட்டிப் பாடம் நடத்தினேன். “ஈரல்லேர்ந்து ஒரு வாய்க்கா, கணையத்துலேர்ந்து ஒரு வாய்க்கா. ரெண்டும் ஒரே மடையிலதான் வந்து தெறக்குது. பித்த வாய்க்கால்ல அடைச்ச கல்லை எடுக்கப் போனா, பக்கத்து வாய்க்காலும் கலங்கிருது. அதான் கணையம் வீங்குது.”

மாமா மடையையே பார்த்துக்கொண்டிருந்தார். “பக்கத்து வாய்க்கா கலங்காம தூர் வாரத் தெரிஞ்ச ஆளு இருக்கறாங்களா?”

“இருக்கறாங்க மாமா. ஆனா அந்த வாய்க்கா ஒருக்கா கலங்குன வாய்க்கான்னு அவங்களுக்குத் தெரியணும்.”

அவர் குனிந்து மடையில் தேங்கிய சருகை எடுத்து வீசினார். புரிந்துகொண்டார் என்று நினைத்துக்கொண்டேன். பாடம் நடத்துகிறவர்களுக்கு எப்போதும் வருகிற நினைப்பு.

சேலத்திலேயே வேறொரு மருத்துவமனையில், இதே சிகிச்சை செய்யும் ஒரு பெண் மருத்துவரிடம் நாள் வாங்கினோம். அக்கா பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து, இறங்கும் வளைவுகளை எண்ணிக்கொண்டே வந்தாள். “ஒவ்வொண்ணா ஒழியட்டும்” என்றாள். காத்திருக்கும் கூடத்தில் மாமாவின் மஞ்சள் பையிலிருந்து கோப்பை எடுத்துப் பார்த்தேன். ஸ்கேன் படங்கள் இருந்தன. குழாய் வைத்ததற்கான சீட்டு இருந்தது. பதினோரு நாள் படுக்கையில் இருந்து வீடு திரும்பியபோது கொடுத்த காகிதம், கணைய வீக்கத்தைப் பற்றி முழுசாக எழுதிய அந்த ஒரே காகிதம், இல்லை.

“மாமா, டிஸ்சார்ஜ் சீட்டு எங்க?”

“ஊட்டுல பத்திரமா இருக்குது. சாமை டப்பாவுக்குள்ள.”

“எடுத்து வச்சுட்டா வந்தீங்க?”

“பின்ன? மொதப் பழம் குடுத்த மனுசனப் பத்தி இன்னொரு டாக்டரம்மா கையில எழுத்துல கொண்டாந்து குடுக்கச் சொல்றியா?”

“அதை எழுதுனதே அவர்தான் மாமா!”

“அவரு நல்ல மனுசன், எழுதுனாரு. நாம நல்ல மனுசங்களா இருக்க வேண்டாமா?”

நான் அக்காவைப் பார்த்தேன். அவள் கூரையில் சுழலும் மின்விசிறியைப் பார்த்தாள். அவளுக்கும் தெரிந்திருக்கிறது. இருவரும் சேர்ந்தே பேசி வைத்திருக்கிறார்கள். நான் குரலை உயர்த்தப் போக, மாமா என் கையைப் பிடித்துக்கொண்டார். “கண்ணு, உள்ளார வந்து அவரப் பத்திக் குறையா ஒரு வார்த்த சொல்லமாட்டேன்னு சொல்லு. சொன்னாத்தான் உன்னிய உள்ள கூட்டிக்கிட்டுப் போவேன்.”

பிடித்த கையை விடவில்லை. அந்த மனிதர் இல்லாவிட்டால் மனைவி இல்லை என்று நம்புகிற கை. “சரி மாமா, குறையா ஒரு வார்த்தை சொல்லமாட்டேன்” என்றேன். சொன்ன பிறகுதான், அச்செடுத்த காகிதம் என் பையில் மடங்கிக் கிடப்பது நினைவுக்கு வந்தது.

மருத்துவர் மேசையில் கோப்பைப் புரட்டினார். நடு வயது, வேகமான பேச்சு. ஏழெட்டுக் கேள்வி கேட்டுவிட்டு, “போன தடவை செஞ்சப்போ ஏதாவது தொந்தரவு வந்துச்சா? வயித்து வலி, அப்படி?” என்றார்.

“இல்லீங்க” என்றாள் அக்கா.

“நல்லாப் பாத்தாருங்க” என்றார் மாமா.

“சரி. அப்போ இன்னைக்கே எடுத்துட்டு, சாயந்திரம் பஸ்ஸுக்கு விட்டுடறேன்” என்று சொல்லி மருத்துவர் எழுத ஆரம்பித்தார்.

சாயந்திரம் பஸ். எழுபது வளைவு ஏறி, அங்கிருந்து வீட்டுக்கு நடை. அங்கே போய் வலி வந்தால் அக்கா யாரிடமும் சொல்லமாட்டாள். குறை சொல்லக் கூடாது. வார்த்தை கொடுத்திருக்கிறேன். பேனா எழுதிக்கொண்டே போகிறது. அப்போதுதான் தோன்றியது: குறைதானே சொல்லக் கூடாது?

“மாமா,” என்றேன், “அந்த டாக்டர் எவ்வளவு நல்லாப் பார்த்தாருன்னு மேடத்துக்குச் சொல்லுங்க. தெனம் வருவாரே.”

மாமாவின் முகம் மலர்ந்தது. “ஆமாங்க! காலையில ஒருக்கா, சாயந்திரம் ஒருக்கா. ஞாயித்துக்கெழமகூட உடலீங்க. பதினோரு நாளும் வந்து பாத்தாருங்க!”

பேனா நின்றது.

“எத்தனை நாள்?”

“பதினோரு நாளுங்க” என்றார் மாமா பெருமையாக.

“இதுக்கு ஒரு நாள்தானே வச்சிருப்போம். பதினோரு நாள் எதுக்கு?”

மாமா என்னைத் திரும்பிப் பார்த்தார். அந்தப் பார்வையை இன்றும் மறக்கவில்லை. வரப்பு ஓரமாக நடந்துபோனவரைச் சேற்றில் தள்ளிவிட்டால் பார்ப்பாரே, அப்படி. அக்காதான் முதலில் வாயைத் திறந்தாள். “கணையம் வீங்கிருச்சுங்க” என்றாள், தான் ஏதோ திருடிவிட்டவள் மாதிரி. அவசரமாக, “அவரு மேல தப்பில்லீங்க” என்றும் சேர்த்தாள்.

“தப்பே இல்லம்மா” என்றார் மருத்துவர். “எவ்வளவு தேர்ந்த கையா இருந்தாலும் சிலருக்கு வரும். நான் செஞ்சும் வந்திருக்கு. வந்ததைக் கண்டுபிடிச்சு, பதினோரு நாள் கூட நின்னு உங்களைக் காப்பாத்தியிருக்காரே, அதுதான் பெரிசு.” பிறகு மாமா பக்கம் திரும்பினார். “இதைச் சொன்னா அவருக்குக் கெட்ட பேருன்னு நெனச்சீங்களா? இதைச் சொல்லாம, என் கையில இவங்களுக்கு மறுபடி வந்தா? அவர் காப்பாத்தினது வீணாப் போயிருக்குமே.”

மாமா தலையை ஆட்டினார். “சாமை டப்பாவுல இருக்குதுங்க” என்றார். மருத்துவருக்கு அது விளங்கியிருக்க வாய்ப்பில்லை.

அதற்குப் பிறகு எல்லாமே மாறியது. பித்தக் குழாயின் வாயை முதல்முறையே வெட்டித் திறந்திருப்பதால் இந்தமுறை ஆபத்து கொஞ்சம் குறைவு, ஆனாலும் இல்லை என்று சொல்லமாட்டேன் என்றார். முதலில் கல் இருக்கிறதா, எங்கே இருக்கிறது என்று வேறொரு ஸ்கேனில் பார்த்துக்கொள்வார். உள்ளே போய்த் துழாவுகிற வேலை குறையும். மெல்லிய கம்பியைப் பித்தக் குழாய்க்குள் மட்டும் செலுத்திப் போவார். படம் எடுப்பதற்காக விடும் மருந்து கணையத்தின் பக்கம் போகாமல் பார்த்துக்கொள்வார். தப்பித்தவறிக் கம்பி அந்தப் பக்கம் நுழைந்துவிட்டால், கணைய நீர் தேங்காமல் வழிய அங்கேயும் ஒரு மெல்லிய குழாய் வைப்பார். அது பெரும்பாலும் தானாகவே விழுந்துவிடும். டிரிப்ஸ் தாராளமாக ஏறும். கல் எடுப்பது மறுநாள் காலைதான்; எடுத்த அன்றும் பஸ் கிடையாது, ராத்திரி இங்கேதான். அப்புறம் ஆசனவாயில் வைக்கிற ஒரு வலி மாத்திரை. “கொஞ்ச காலமா இதை வச்சுப் பார்க்கிறோம். பலன் இருக்கிற மாதிரி தெரியுது” என்றார். வயிற்றுப் புண், சிறுநீரகக் கோளாறு, ஒவ்வாமை எதுவும் உண்டா, மாதவிலக்கு தள்ளியிருக்கிறதா என்று கேட்டுவிட்டுத்தான் அதை எழுதினார்.

என் பையிலிருந்த காகிதத்தை எடுக்க வேண்டிய வேலையே வரவில்லை. அதில் இருந்தவை ஒவ்வொன்றாக அவர் வாயிலிருந்து வந்தபோது எனக்குப் பரீட்சையில் கேள்வி முன்கூட்டியே தெரிந்த மாதிரி ஒரு துள்ளல்.

மாத்திரை விஷயத்தை நர்ஸ் விளக்கியதும் அக்கா வாயைப் பொத்திக்கொண்டாள். “வாய் வழியாக் கொழாய், அந்தப் பக்கம் மாத்தர. நடுவுல இருக்கறதுதான் எனக்குன்னு மிச்சமாட்டிருக்குது” என்றாள். நர்ஸ் சிரித்துச் சிரித்துக் கையுறையைக் கீழே போட்டார்.

மறுநாள் காலை உள்ளே போனாள். வெளியே மாமா என்னோடு பேசவில்லை. ஒரு மணி நேரம் கழித்து மருத்துவர் வந்து, கல் வந்துவிட்டது, பழைய குழாயும் வந்துவிட்டது, கம்பி கணையத்துக்குள் போகவே இல்லை என்றார். “இனிமேதான் கவனிக்கணும். வலி வந்தா மறைக்காம சொல்லச் சொல்லுங்க” என்று என்னைப் பார்த்தார். அவருக்கு ஆள் பிடிபட்டுவிட்டது.

அக்கா கண் விழித்ததும் நர்ஸ் கேட்டார், “வலி இருக்காம்மா?”

“இல்லீங்க.”

அதே குரல். எனக்கு அந்தப் பழைய சாயந்திரம் நினைவுக்கு வந்தது. வலிக்கிறதா என்று கேட்டால் அவளுக்கு ஆளின் முகம்தான் தெரியும். வேலையைக் கேட்டால் பொய் சொல்லமாட்டாள். வேலை விஷயத்தில் அவளுக்கு வீம்பும் கிடையாது, பாசாங்கும் கிடையாது. நான் குனிந்து கேட்டேன்: “அக்கா, இப்ப எந்திரிச்சு, மொளகு மூட்டையத் தூக்கிக்கிட்டு மேட்டுக் காட்டுலேர்ந்து ரோடு வரைக்கும் போவியா?”

கண்ணை மூடி யோசித்தாள். “அரை மூட்டைன்னா போவேன்” என்றாள்.

நான் நர்ஸிடம் ஓடினேன். “வலிக்குதாம்!” “இல்லைன்னாங்களே?” “அரை மூட்டைதான் தூக்குவாங்களாம்!” அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தாலும் மருத்துவரைக் கூப்பிட்டார். மருத்துவர் வயிற்றை அழுத்திப் பார்த்தார், முதுகில் குத்துகிறதா என்று கேட்டார், ரத்தம் எடுக்கச் சொன்னார். அது வரும்வரை டிரிப்ஸைக் கொஞ்சம் வேகமாக விட்டார். மாமா கட்டிலின் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

ரத்தத்தில் கணைய நொதியின் அளவு லேசாக ஏறியிருந்தது, பயப்படும்படி இல்லை. உள்ளே செலுத்திய காற்றின் உப்புசமாக இருக்கும், ஆனாலும் வாயில் எதுவும் கொடுக்க வேண்டாம், மறுபடி பார்ப்போம் என்றார். போகும்போது நின்று, “அது என்ன, மூட்டை?” என்று கேட்டார். சொன்னேன். சாயந்திரம் அவரே வந்து, “எத்தனை மூட்டைம்மா?” என்றார்.

“முக்காலுங்க” என்றாள் அக்கா. மருத்துவரின் முகத்தைப் பார்க்காமல், நிஜமாகவே தோளைக் கொஞ்சம் அசைத்துப் பார்த்துவிட்டுச் சொன்னாள்.

காலையில் நான் பல் தேய்த்துவிட்டு வருவதற்குள் மாமா வராந்தாவுக்கு வந்து நின்றிருந்தார். முந்தைய நாளிலிருந்து என்னோடு பேசாதவர். “ரெண்டு மூட்டையாம்” என்றார். “மூட்டையக் கீழ வச்சுட்டுச் சோறு போடச் சொல்லறா.”

இரண்டாவது ரத்தப் பரிசோதனையில் அளவு இறங்கியிருந்தது. கஞ்சியில் தொடங்கி, மதியம் இட்லி, மறுநாள் பஸ். ஏறும்போது அக்கா வளைவுகளை எண்ணவில்லை. இருபதாவது வளைவுக்குள் தூங்கிவிட்டாள். மாமா என் பக்கம் சாய்ந்து, “என் வாயாலயே சொல்ல வச்சுட்டியே, கள்ளி” என்றார்.

“நான் குறை ஒண்ணும் சொல்லலையே மாமா.”

“அதான் கேக்கறேன். இதெல்லாம் காலேசுல சொல்லித் தர்றாங்களா?”

அடுத்த வருடம் பலா பழுத்தபோது மாமாவுக்குப் புதுக் குழப்பம் வந்தது. முதல் பழம் ஒன்று. இப்போது மருத்துவர் இரண்டு. அக்கா ஒரே பேச்சில் தீர்த்தாள். “மொதப் பழம் கோயிலுக்கே போகட்டும். டாக்டரம்மாவுக்கு ரெண்டாவது. உங்க மொதப் பழம் வாங்குனவரு சீமையில இருக்கறாரு, அவருக்குக் கொட்டைய அனுப்புங்க, நட்டுக்கட்டும்.”

அந்தப் பலாக் காலம் முடிந்ததும் பித்தப்பையை எடுக்கும் அறுவை சிகிச்சையும் நடந்தது. அதற்கு வேறொரு மருத்துவர். அவர், “இதுக்கு முன்னாடி ஏதாவது...” என்று கேள்வியை முடிப்பதற்குள் மாமா மஞ்சள் பையைத் திறந்து, சாமை வாசம் வீசும் காகிதத்தை மேசைமேல் விரித்தார். “பதினோரு நாளுங்க” என்று ஆரம்பித்து, மடை, வாய்க்கால், கம்பி, மாத்திரை என்று ஒன்று விடாமல் சொன்னார். மாத்திரை வைத்த இடத்தை மட்டும் கையால் காட்டினார்.

அறுவை முடிந்த மறுநாள் அந்த மருத்துவர் அக்காவின் கட்டிலருகே வந்து, சிரித்துக்கொண்டே, “வலி எப்படிம்மா இருக்கு?” என்றார்.

அக்கா அவர் முகத்தை நேராகப் பார்த்தாள். “கால் மூட்டைங்க” என்றாள்.

அவர் புரியாமல் என் பக்கம் திரும்பினார். நான் எழுந்தேன்.